டியர் யூ (இசைத்தொகுப்பு)

‘டியர் யூ’, அமெரிக்காவின் ஜாபிரேக்கர் குழு 1995 செப்டம்பரில் வெளியிட்ட நான்காவது இசைத்தொகுப்பு. பங்க் இசைக்கும் போஸ்ட்-ஹார்ட்கோருக்கும் நடுவே நின்ற இக்குழுவில் மூவர்: பாடகரும் கிட்டார் கலைஞருமான பிளேக் ஷ்வார்ட்சன்பாக், பேஸ் வாசித்த கிறிஸ் பவர்மைஸ்டர், டிரம்ஸ் வாசித்த ஆடம் ஃபாலர்.

சான் பிரான்சிஸ்கோ வட்டாரப் பங்க் ரசிகர்களுக்கு அப்போது பெரிய இசை நிறுவனம் என்றாலே ஆகாது. பெர்க்லியின் கில்மன் தெரு அரங்கு, அத்தகைய நிறுவனங்களில் சேர்ந்த குழுக்களை மேடையேற்றாமல் இருந்தது. 1993-இல் நிர்வாணாவுடன் சில நிகழ்ச்சிகளில் வாசித்ததற்கே ஜாபிரேக்கர் மீது முணுமுணுப்பு எழுந்தது. எந்தப் பெரிய நிறுவனத்திலும் சேரமாட்டோம் என்று ஷ்வார்ட்சன்பாக் மேடையிலேயே சொல்லியிருந்தார். பிறகு நிர்வாணாவின் நிறுவனமான டிஜிசி-யுடனேயே ஒப்பந்தம் கையெழுத்தானது. சொன்ன சொல் மாறியதைத்தான் ரசிகர்களால் தாங்க முடியவில்லை.

ஒலியும் மாறியிருந்தது. முந்தைய தொகுப்பின் பெரும்பகுதியை ஸ்டீவ் அல்பினி மெருகேற்றாமல் பதிவு செய்திருந்தார். ‘டியர் யூ’வைத் தயாரித்தவரோ, கிரீன் டேயின் ‘டூக்கி’யைத் தயாரித்த ராப் கவாலோ. கிட்டார்கள் அடுக்கடுக்காகத் தடித்தன. கரகரத்த குரல் தெளிந்தது. நிறுவனம்தான் குரலை மழித்துவிட்டது என்று பலர் நம்பினார்கள். 1992-இல் ஐரோப்பியப் பயணத்தின் நடுவே ஷ்வார்ட்சன்பாக்கின் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்ததை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. பழையபடி கத்திப் பாடியிருந்தால் அந்தத் தொண்டை எத்தனை நாள் தாங்கியிருக்கும்?

‘விலைபோய்விட்டார்கள்’ என்ற ஏச்சு குழுவைத் துரத்தியது. சில நிகழ்ச்சிகளில் ரசிகர்கள் மேடைக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்தார்கள். பழைய ரசிகர்கள் விலக, நிறுவனம் எதிர்பார்த்த புதியவர்களும் வரவில்லை, விற்பனை படுத்தது. மூவருக்குள் ஏற்கெனவே இருந்த கசப்பு முற்றி, 1996-இல் குழு கலைந்தது.

கடைகளில் கிடைக்காமற்போன தொகுப்பை 2004-இல் ஃபாலர் தம் பிளாக்பால் நிறுவனம் வழியாக மறுவெளியீடு செய்தார். அதற்குள் புதிய தலைமுறை அதைத் தேடத் தொடங்கியிருந்தது. ஒப்பந்தச் சண்டை காதில் விழாமல் கேட்டவர்களுக்கு, ‘ஆக்சிடென்ட் புரோன்’ பாடலின் மெல்ல ஏறும் துயரம் முதல் முறையிலேயே பிடிபட்டது. எமோ இசையின் முன்னோடித் தொகுப்புகளில் ஒன்றாக இன்று இதைக் கருதுகிறார்கள். இக்குழுவின் ஆக நேர்மையான பதிவு இதுவே என்பதிலும் தவறில்லை.

2017-இல் சிகாகோவின் ரயட் ஃபெஸ்ட் விழாவில் மூவரும் மீண்டும் ஒரே மேடையில் வாசித்தார்கள். பெருந்தொற்றால் தள்ளிப்போன ‘டியர் யூ’ வெள்ளிவிழாச் சுற்றுப்பயணம் 2022-இல் நடந்தது.