வீட்டிலேயே ஸ்மோக்கர் செய்யப்போறீங்களா? முதல்ல டிரம்மைப் பாருங்க!

விருதுநகர் எண்ணெய் பரோட்டாவுக்கு சால்னாவே போதும். ஆனா, கோழியைப் புகையிலேயே மணிக்கணக்கில் வேகவைக்கிற அமெரிக்க ஸ்டைல் ஸ்மோக்கரை வீடியோவில் பார்த்துட்டு, 'நாமளே செஞ்சா என்ன?'னு தோணுதா? தாராளமா செய்யலாம். ஒரு பெஞ்ச் டிரில்லிங் மெஷினும் கொஞ்சம் கவனமும் இருந்தா போதும்.

பழைய டிரம் வேண்டாம்

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் இந்த விஷயம் ரொம்ப முக்கியம். பழைய இரும்புக் கடை டிரம்மில் முன்னாடி என்ன இருந்ததுன்னு உங்களுக்குத் தெரியாது. அலுமினியத் தூளோ, கந்தகமோ, வெடியுப்போ மடிப்பில் ஒட்டியிருந்தா, டிரில் பிட்டின் உரசலும் சூடுமே தீப்பிடிக்கப் போதும். பட்டாசு ஆலைகளில் மருந்து கையாளும் அறைக்குள் இரும்புக் கருவிகளைத் தவிர்ப்பது இதனால்தான். பேரியம் உப்பு ஒட்டியிருந்தா அது விஷம். 'கழுவிட்டா சரியாகிடும்'னு நம்பாதீங்க. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகடும் வேண்டாம், அது அதிகம் சூடாகி வரும் புகை காய்ச்சல் தரும். பெயின்ட் இல்லாத புது 2 மி.மீ. இரும்புத் தகடு வாங்குங்க.

துளை முதலில், வளைப்பது பிறகு

உருளையான பொருள் டிரில் மேசையில் உட்காராது. அதனால காற்றுத் துளை, தெர்மாமீட்டர் துளை, கிரில் கம்பிக்கான துளை எல்லாத்தையும் தட்டைத் தகட்டிலேயே போட்டுட்டு, அப்புறம் பட்டறையில் கொடுத்து வளைச்சுக்கோங்க.

* சென்டர் பஞ்ச் அடிச்சு, 3 மி.மீ. பிட்டில் முதல் துளை போடுங்க.
* வேகம்: சாதாரண இரும்பில் 6 மி.மீ. பிட்டுக்கு நிமிடத்துக்கு சுமார் 1,300 சுற்று, 12 மி.மீ.க்கு 650. பிட் பெருசானா வேகத்தைக் குறைக்கணும்.
* தகட்டுக்கு அடியில் மரக்கட்டை வெச்சு, கிளாம்ப் போட்டு இறுக்குங்க. கையால் பிடிக்கவே கூடாது. பிட் மறுபக்கம் வெளியேறும் நொடியில் தகடு சிக்கினா, ஃபேன் இறக்கை மாதிரி சுழன்று கையைக் கிழிச்சிடும்.
* கண்ணாடி கட்டாயம். கையுறை கூடாது, பிட்டில் சிக்கினா விரலையும் சேர்த்து இழுக்கும். துப்பட்டா, தொங்கும் சட்டைக்கும் இதே விதிதான்.
* சுருள் சுருளா வரும் இரும்புச் சீவலை மெஷினை நிறுத்திட்டு பிரஷ்ஷால் தள்ளுங்க.

வீட்டில் தீபாவளிப் பட்டாசு இருந்தா, அதுக்குப் பக்கத்தில் டிரில்லும் வேண்டாம், அடுப்பும் வேண்டாம்.

முதல் புகை

முதல் தடவை ஸ்மோக்கரைக் காலியா நல்லா எரியவிட்டு, எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கிடுங்க. அப்புறம் நம்ம ஊர் கருவேலங்கரி போட்டு, உள்ளே 110-120 டிகிரி செல்சியஸ் வெச்சுக்கோங்க. கறியின் நடுப்பகுதி 74 டிகிரி தொட்டா, கோழி ரெடி!