மிகையும் பசியும்: 1933-ஆம் ஆண்டின் பன்றிக் கொள்முதல்

விளைவு பெருகின் உழவன் வாழ்வான் என்பது பொது நம்பிக்கை. அந்நம்பிக்கை பொய்த்த காலங்களும் வரலாற்றில் உள. அவற்றுள் ஒன்று அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1933-ஆம் ஆண்டு நடந்த பன்றிக் கொள்முதல். அதனை ஈண்டு ஆராய்வோம்.

முதல் உலகப் போரின்போது ஐரோப்பாவிற்கு இறைச்சி அனுப்பும்பொருட்டு அயோவா முதலிய மாநிலங்களின் உழவர் பன்றி வளர்ப்பைப் பெருக்கினர். போர் முடிந்தபின் அயல்நாட்டுச் சந்தை சுருங்கிற்று. 1929-இல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சியால் நகரத் தொழிலாளரும் வாங்கும் ஆற்றல் இழந்தனர். 1932-இல் பன்றியின் 100 பவுண்டு எடைக்கு 4 டாலரும் உழவர்க்குக் கிட்டவில்லை.

1933 மே 12-இல் வேளாண்மைச் சீரமைப்புச் சட்டம் பிறந்தது. அதன்வழி, ஹென்றி வாலஸ் செயலராயிருந்த வேளாண்மைத் துறை ஆகஸ்டுத் திங்களில் நெருக்கடிக் கொள்முதலைத் தொடங்கிற்று. சந்தை விலையினும் மிகுதியாகக் கொடுத்தது. 40 இலட்சம் குட்டிகளும் 10 இலட்சம் சினைப்பன்றிகளும் வாங்குதல் திட்டம். வந்தவையோ ஏறத்தாழ 62 இலட்சம் குட்டிகள். சினைப்பன்றிகள் 2 இலட்சத்துக்குச் சற்றே மிகுதி. இவ்வேறுபாடு கருதத்தக்கது. குட்டியை விற்று இன்றைய கடனைத் தீர்த்த உழவன், நாளைய முதலாகிய தாயைக் கைவிடத் துணிந்திலன் எனக் கொள்ளலாம்.

வாங்கியவற்றினின்று ஏறத்தாழ 10 கோடி பவுண்டு இறைச்சி வறியோர்க்கு வழங்கப்பட்டது. மிகச் சிறிய குட்டிகள் ஆலைப் பொறிகளுக்கு ஏலாமையின் கொழுப்பாகவும் உரமாகவும் மாற்றப்பட்டன. பசித்தோர் பலர் வாழ்ந்த நாட்டில் இது கண்டனத்தை எழுப்பிற்று. அதனை வெற்றுணர்ச்சி என ஒதுக்கல் பொருந்தாது. ‘மிகை’ எனப்பட்டது உண்போர் தேவைக்கு மிகையன்று. வாங்குவோர் கைப்பொருளுக்கே மிகை.

இவ்வுண்மையை அரசும் உணர்ந்தது போலும். அவ்வாண்டு அக்டோபரில், மிகைப்பொருளை வறியோர்க்குச் சேர்க்கும் கூட்டரசு நிறுவனம் அமைந்தது. உழவர்க்கு உதவும்பொருட்டுத் தண்டிய பதப்படுத்தல் வரியை 1936 சனவரியில் உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. ஆயினும், சுங்க வருவாயில் 30 விழுக்காட்டை வேளாண் மிகையை நீக்குதல் முதலிய பணிகட்கு ஒதுக்கிய 1935-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு நிலைத்தது. இன்றும் வழக்கில் உளது.

ஆகவே, உழவர்க்கு விலை தாங்கும் அரசு, அப்பொருள் யார் கலத்தைச் சென்றடையும் என்பதையும் முன்னரே வகுத்தல் வேண்டும். 62 இலட்சம் குட்டிகளைக் கொடுத்து அந்நாடு கற்ற பாடம் இதுவே எனலாம்.