பழிக்கு இருந்த இடம் காதலுக்கு இல்லை

பெண்ணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான காதலைத் தொட்ட பழைய படங்களில் காதலித்தவள் இறுதியில் செத்துப்போவது வழக்கம் என்பதைப் பலர் எழுதியிருக்கிறார்கள். அந்தச் சாவு கதைக்குள் எங்கிருந்து வந்தது என்பது அதே அளவுக்கு ஆராயப்பட்டதில்லை. அக்கால வாழ்க்கை அவ்வளவு கொடியதாக இருந்தது, படம் அதைக் காட்டியது என்று கொள்வது எளிது. ஆனால் 1931இல் ஜெர்மனியில் எடுக்கப்பட்ட ஒரு படத்தையும், ஒரே நாடகத்திலிருந்து ஒரே இயக்குநர் 1936இலும் 1961இலும் ஹாலிவுட்டில் எடுத்த இரண்டு படங்களையும், அந்த நாடகத்துக்கு மூலமான ஸ்காட்லாந்து வழக்கையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் வேறொன்று புலப்படுகிறது. வழக்கில் பிழைத்திருந்த பெண் கதையில் சாகிறாள். அவள் செத்த பிறகே, அதுவும் கால் நூற்றாண்டு கழித்தே, தணிக்கை அவளைத் திரைக்குள் அனுமதிக்கிறது.

ஜெர்மன் படத்தின் பெயர் 'மெட்சென் இன் யூனிஃபார்ம்', அதாவது சீருடை அணிந்த சிறுமிகள். கிறிஸ்டா வின்ஸ்லோ தாம் படித்த பாட்ஸ்டாம் நகரத்து உறைவிடப் பள்ளியை நினைவில் வைத்து எழுதிய நாடகத்தை லியோன்டீன் ஸாகன் படமாக்கினார். நடிகர்கள் அனைவரும் பெண்கள். படக்குழுவினர் கூட்டுறவு முறையில் இணைந்து தயாரித்த படம் அது. தாயை இழந்த மானுவேலா என்ற மாணவி, பிரஷ்ய இராணுவ அதிகாரிகளின் மகள்களுக்கான அந்தப் பள்ளியில் பெர்ன்பர்க் என்ற ஆசிரியையிடம் மனத்தைப் பறிகொடுக்கிறாள். பள்ளி நாடகத்தில் ஆண் வேடமிட்டு நடித்த இரவில், மது கலந்த பானம் தந்த துணிச்சலில், எல்லார் முன்னிலையிலும் அதை அறிவித்தும் விடுகிறாள். தலைமையாசிரியை அதைப் பெரும்பாவமாக்கி அவளைத் தனிமைப்படுத்த, அவள் மாடிப்படியின் உச்சியிலிருந்து குதிக்க முனைகிறாள். மேடை நாடகத்தில் மானுவேலா இறந்தாள். படத்தில் மாணவிகள் திரண்டு ஓடி அவளைக் காப்பாற்றுகிறார்கள். இந்த மாற்றத்தால் படத்தின் பொருளே மாறிவிடுகிறது. மானுவேலா சாகும்போது காதல் அவளுடைய தனிப்பட்ட விதியாகத் தோன்றுகிறது. அவள் பிழைக்கும்போதோ, தண்டிக்கும் அதிகாரம்தான் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது. (வின்ஸ்லோ 1933இல் இதே கதையை நாவலாக வெளியிட்டபோது சாவையே மீண்டும் எழுதினார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.)

இந்தப் படம் அமெரிக்காவுக்குச் சென்றபோது நியூயார்க் தணிக்கைக் குழு முதலில் அனுமதி மறுத்து, சில வெட்டுகளுக்குப் பிறகு 1932இல் வெளியிட விட்டது. தலைமையாசிரியை பாவம் என்று சொல்வதை அன்பின் பல வடிவங்களில் ஒன்று என்று பெர்ன்பர்க் எதிர்த்துரைக்கும் இடம் அந்த வெட்டுகளில் காணாமல் போனது. மாணவியின் தவிப்பும் அவள் தற்கொலைக்கு முயல்வதும் படத்தில் அப்படியே இருந்தன. தவிப்புக்கு நியாயம் சொன்ன குரல் மட்டும் நீக்கப்பட்டது. பின்னால் ஹாலிவுட்டில் நடந்தவற்றுக்கு இது முன்னோட்டம்.

அங்கு நடந்ததைப் புரிந்துகொள்ள ஹாலிவுட்டின் தயாரிப்பு நெறிமுறையைப் பற்றிச் சிறிது அறிவது தேவை. திரைப்படம் என்பது வெறும் வணிகம், அதற்குப் பேச்சுரிமையின் பாதுகாப்பு இல்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1915இல் தீர்ப்பளித்திருந்ததால், மாநிலங்களும் நகரங்களும் தனித்தனியே படங்களை வெட்டலாம் என்ற நிலை இருந்தது. அந்தத் தொல்லையிலிருந்து தப்ப, படநிறுவனங்கள் தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொண்ட விதித்தொகுப்பே 1930இல் ஏற்கப்பட்ட அந்த நெறிமுறை. முதல் நான்கு ஆண்டுகள் அது பெரும்பாலும் ஏட்டளவில் நின்றது. 1930இல் வந்த 'மொராக்கோ'வில் ஆண் உடையணிந்த மார்லீன் டீட்ரிக் ஒரு பெண்ணின் உதட்டில் முத்தமிட முடிந்ததும், 1933இல் 'குயின் கிறிஸ்டினா'வில் கிரெட்டா கார்போ தம் தோழியை முத்தமிட முடிந்ததும் அந்த இடைவெளியில்தான். கத்தோலிக்க அமைப்புகள் படங்களைப் புறக்கணிக்கும் இயக்கத்தில் இறங்கிய பின், 1934 ஜூலை முதல் ஜோசப் பிரீன் தலைமையிலான அலுவலகத்தின் சான்று இல்லாமல் எந்தப் பெரிய நிறுவனமும் படம் வெளியிட முடியாத நிலை ஏற்பட்டது. தன்பாற் காதலை 'பாலியல் பிறழ்வு' என்ற தலைப்பில் அடக்கிய அந்த விதிகள் அதைக் காட்டுவதை மட்டுமன்றிக் குறிப்பால் உணர்த்துவதையும் தடைசெய்தன.

அதே 1934 நவம்பரில் நியூயார்க்கில் லில்லியன் ஹெல்மனின் 'தி சில்ட்ரன்ஸ் அவர்' நாடகம் அரங்கேறி 691 முறை நடந்தது. பெண்கள் பள்ளி ஒன்றை நடத்தும் கேரன், மார்த்தா என்ற இரண்டு தோழியர்மீது மேரி என்ற மாணவி, அவர்கள் காதலர்கள் என்று பாட்டியிடம் பழி சொல்கிறாள். பெற்றோர்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அவதூறு வழக்கிலும் ஆசிரியைகள் தோற்கிறார்கள். எல்லாம் அழிந்த பிறகு, பழி பொய்யென்றாலும் தன் மனத்தில் கேரன்மீது அத்தகைய அன்பு உண்டு என்று உணர்ந்த மார்த்தா, அதைச் சொல்லிவிட்டுத் தன்னைச் சுட்டுக்கொள்கிறாள். ஹெல்மன் இது பொய்யின் வலிமையைப் பற்றிய நாடகமே தவிர லெஸ்பியன் உறவைப் பற்றியதன்று என்றே கூறிவந்தார். பாஸ்டனும் சிகாகோவும் அந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தாமல் தடைவிதித்தன.

ஹெல்மன் கதையை எடுத்த வழக்கு எடின்பரோவில் நடந்தது. மரியான் வுட்ஸ், ஜேன் பிரி என்ற இருவர் நடத்திய பள்ளி, 1810இல் ஜேன் கம்மிங் என்ற மாணவி தன் பாட்டியிடம் சொன்ன செய்தியால் சில நாட்களுக்குள் காலியானது. ஜேன் கம்மிங் இந்தியாவில் பிறந்தவள். தந்தை கிழக்கிந்தியக் கம்பெனியில் பணிபுரிந்த ஸ்காட்லாந்துக்காரர், தாய் இந்தியப் பெண். ஆசிரியைகள் அந்தப் பாட்டிமீது அவதூறு வழக்குத் தொடுத்தபோது நீதிமன்றம் ஒரு சிக்கலில் மாட்டியது. நற்குடிப் பிரித்தானியப் பெண்கள் இத்தகைய உறவு கொள்வதே இயலாது என்றால், அதை ஒரு சிறுமி எப்படிக் கற்பனை செய்தாள்? அவள் இந்தியாவில் வளர்ந்தவள், அங்குள்ள வேலைக்காரப் பெண்களிடம் கற்றிருப்பாள் என்ற விடை கிடைத்தது. பிரித்தானியா தன் வீட்டுக்குள் பார்க்க மறுத்ததைக் காலனியின் தலையில் கட்டிய அந்த வாதம், பெண்களின் காதல் வரலாற்றுக்கு எவ்வளவு உரியதோ அவ்வளவு இந்திய வரலாற்றுக்கும் உரியது. 1811இல் ஆசிரியைகள் தோற்றார்கள்; மறுஆய்வில் 1812இல் வென்றார்கள்; 1819இல் பிரபுக்கள் சபையும் அந்த வெற்றியை உறுதிசெய்தது. பள்ளியும் பிழைப்பும் போனது உண்மை. ஆயினும் இருவரில் எவரும் தற்கொலை செய்துகொள்ளவில்லை. வுட்ஸ் லண்டன் சென்று ஆசிரியப் பணியைத் தொடர்ந்தார்.

ஆகவே ஹெல்மன் மூலத்தில் செய்த மாற்றங்கள் மூன்று: வெற்றி தோல்வியானது, இந்தியத் தாயின் மகள் வெள்ளை அமெரிக்கச் சிறுமியானாள், பிழைத்தவள் செத்தாள். நாடகக் கலையின் தேவைகள் இவற்றில் சிலவற்றை விளக்கக்கூடும். எனினும், பெண்ணைக் காதலிக்கும் பெண்ணை மேடையேற்றியதற்காக 'தி கேப்டிவ்' நாடகத்தின் நடிகர்கள் 1927இல் கைதுசெய்யப்பட்ட, அத்தகைய நாடகம் போட்ட அரங்கைப் பூட்டிவைக்க அதே ஆண்டில் சட்டமே இயற்றப்பட்ட நியூயார்க்கில், காதலைச் சொன்னவள் அடுத்த கணம் இறந்துபோவது எழுதியவருக்கும் அரங்குக்கும் ஒரு பாதுகாப்பாக இருந்தது என்பதை மறுக்க இயலாது.

நாடகத்தைத் தயாரிப்பாளர் சாமுவேல் கோல்ட்வின் வாங்கியபோது பிரீன் அலுவலகம், பழியை மாற்ற வேண்டும், நாடகத்தின் பெயரைப் பயன்படுத்தவும் கூடாது என்று நிபந்தனையிட்டது. ஹெல்மனே திரைக்கதையைத் திருத்தி எழுத, வில்லியம் வைலர் இயக்கத்தில் 1936இல் 'தீஸ் த்ரீ' வெளிவந்தது. இதில் மேரி சொல்லும் பழி, கேரனுக்கு நிச்சயிக்கப்பட்ட ஜோவுடன் மார்த்தாவுக்குக் கள்ள உறவு என்பது. படம் நன்றாகவே இருக்கிறது. தற்கொலை இல்லை, கேரன் இறுதியில் ஜோவுடன் சேர்கிறாள். காதல் ஆணின்மீது என்றானதும் மார்த்தாவுக்கு உயிர்வாழும் உரிமை கிடைத்துவிட்டது என்பதுதான் உறுத்துகிறது. கேரனாக நடித்த மெர்ல் ஓபரான் பம்பாயில் பிறந்தவர். இலங்கையில் வேர்கொண்ட தாய்வழிக் குடும்பத்தைச் சேர்ந்தவர். டாஸ்மேனியாவில் பிறந்ததாகச் சொல்லி 1979இல் இறக்கும்வரை அந்தப் பிறப்பை மறைத்து வாழ வேண்டியிருந்தவர். அந்த நெறிமுறை வெள்ளையர்க்கும் கறுப்பர்க்கும் இடையிலான உறவையும் தடைசெய்திருந்தது என்பதை நினைத்தால், ஜேன் கம்மிங் இல்லாமற்போன கதையில் அவர் நடிக்க நேர்ந்தது நெஞ்சைக் கனக்கச் செய்கிறது.

உச்ச நீதிமன்றம் 1952இல் தன் பழைய தீர்ப்பைக் கைவிட்டு, திரைப்படத்துக்கும் பேச்சுரிமை உண்டு என்றது. 1961 அக்டோபரில், கவனத்தோடும் அடக்கத்தோடும் கையாண்டால் தன்பாற் காதலைக் காட்டலாம் என்று நெறிமுறை தளர்த்தப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் வைலர் அதே நாடகத்தை அதன் சொந்தப் பெயரிலேயே மீண்டும் படமாக்கி வெளியிட்டார். ஆட்ரி ஹெப்பர்ன் கேரனாகவும் ஷெர்லி மெக்லெய்ன் மார்த்தாவாகவும் நடிக்க, 1936இல் மார்த்தாவாக நடித்த மிரியம் ஹாப்கின்ஸ் இப்போது அவளுடைய அத்தையாக வந்தார். பழி திரும்பி வந்தது. பாட்டியின் காதில் மேரி கிசுகிசுக்கும்போது அது நமக்குக் கேட்பதில்லை, 'லெஸ்பியன்' என்ற சொல்லும் படம் முழுவதிலும் இல்லை. மார்த்தாவின் உள்ளன்பை மென்மையாகக் காட்டிய காட்சிகளை வைலர் அஞ்சி வெட்டிவிட்டார் என்று மெக்லெய்ன் பின்னாளில் கூறினார். தானும் ஹெப்பர்னும் அந்தக் காதலைப் பற்றி ஒருமுறைகூடப் பேசிக்கொள்ளவில்லை என்றும் வருந்தினார். மார்த்தாவின் அன்பு முன்கூட்டியே தெரிய வழியில்லாமல் போனதால், அவள் ஒப்புக்கொள்ளும் காட்சி ஒரு நோயாளி தன் நோயைத் திடீரென்று கண்டுகொள்வதுபோல் அமைந்துவிட்டது. சிறிது நேரத்தில் அவள் தூக்கில் தொங்குகிறாள். தடை தளர்ந்தபோது உள்ளே வந்தவை பழியும் தன்வெறுப்பும் சாவுமே. மெக்லெய்னின் நடிப்பு அவற்றை மீறிய ஒரு மனுஷியை நம் முன் நிறுத்துகிறது என்பதே அந்தப் படத்தை இன்றும் பார்க்கத்தக்கதாக வைத்திருக்கிறது.

அக்காலத்தில் வேறு முடிவை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை என்று வாதிடவும் வழியில்லை. பட்ரீஷியா ஹைஸ்மித் 1952இலேயே 'தி பிரைஸ் ஆஃப் சால்ட்' என்ற நாவலில், மகளின் வளர்ப்புரிமையை இழக்கும் விலையைக் கொடுத்தும் தன் காதலியிடம் திரும்பும் ஒரு தாயை எழுதியிருந்தார். இருவரும் சாகவில்லை, மனம் மாறவும் இல்லை. கிளேர் மார்கன் என்ற புனைபெயரில் வந்த அந்த நூலை மலிவுப் பதிப்பில் ஏராளமானோர் வாங்கிப் படித்து ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார்கள். ஹைஸ்மித் தம் சொந்தப் பெயரை அதில் இட்டது 1990இல். அவர் 1995இல் இறந்தார். டாட் ஹெய்ன்ஸ் அதை 'கரோல்' என்ற பெயரில் படமாகத் திரைக்குக் கொண்டுவந்தது 2015இல்.