கூட்டத்தில் யாருக்குக் கதிரை?

வலையிறவுப் பாலத்தைத் தாண்டி வவுணதீவுக்குள் போனால் றோட்டின் ரெண்டு பக்கமும் வயல்தான். மாரியில் எல்லாம் பச்சை. கோடையில் பாதி வெறும் தரை. அந்தப் பாதி ஏன் சும்மா கிடக்கு என்று சின்ன வயதில் அம்மப்பாவிடம் கேட்டேன். “குளத்தில தண்ணி கிடந்தா மட்டும் போதாது மனே, கூட்டத்தில நம்மட பேரும் கிடக்கணும்” என்றார்.

அவர் சொன்ன கூட்டத்தின் கதை ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் பழையது என்பது வரலாறு படிக்க வந்த பிறகுதான் தெரிந்தது.

1840ஆம் ஆண்டுச் சட்டம், உரிமை காட்ட முடியாத காட்டையும் தரிசையும் அரசுக்குச் சொந்தமாகக் கருதியது. அதற்குப் பிறகு காடு வெட்டிக் களனியாக்க நினைத்தவருக்குக் கையில் கத்தி மட்டும் போதாது, கடதாசியும் வேண்டும். அதற்கு முன்பே, 1832இல் ராஜகாரிய முறை ஒழிக்கப்பட்டது. அதோடு குளம், வாய்க்கால் திருத்த ஆட்களைக் கட்டாயப்படுத்தும் அதிகாரமும் போயிற்று. மேல்வயல்காரர் வக்கடையை வெட்டினால் கீழ்வயல்காரர் நீதிமன்றம்தான் போக வேண்டும். வழக்கு முடிவதற்குள் பயிர் கருகிவிடும்.

தேசாதிபதி ஹென்றி வார்ட் 1856இல் கொண்டுவந்த நீர்ப்பாசனச் சட்டம் இதற்குத்தான் வழி தேடியது. நிலச் சொந்தக்காரர் கூடி, பழைய வழக்கப்படி நீரைப் பகிரலாம். தகராறை ஊருக்குள்ளேயே தீர்க்கலாம். அன்று மட்டக்களப்போடு இருந்த இறக்காமம், அம்பாறைக் குளங்களும் அவர் காலத்தில்தான் திருத்தப்பட்டன. நல்ல விசயம்தான். ஆனால் கதிரை போடியாருக்கு. சேற்றில் நின்றவர் வெளியில்.

102 வருடம் கழித்து, 1958இல், பிலிப் குணவர்தனவின் நெற்காணிச் சட்டம் குத்தகைக்குச் செய்பவரையும் உள்ளே அழைத்தது. விதானைக்குப் பதிலாகப் பயிர்ச்செய்கைக் குழு வந்தது. நம்ம பக்கம் ‘வட்டை விதானை’ என்ற பெயர் மட்டும் இன்றைக்கும் போகவில்லை.

இப்போதும் ஒவ்வொரு போகத்துக்கும் ஆரம்பக் கூட்டம் நடக்கிறது. துருசு திறக்கும் நாள், விதைப்பு முடிக்கும் நாள், மாடுகளை வயலை விட்டு அகற்றும் நாள், சிறுபோகத்தில் எந்தக் கண்டத்துக்குத் தண்ணி என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகும். 2007இல் இடம்பெயர்ந்து திரும்பிய குடும்பங்கள் பற்றையாகிக் கிடந்த வயலை மறுபடி வெட்டித் திருத்தின. கடதாசி தொலைந்திருந்தால், 1840இன் கேள்விதான் அவர்கள் முன்னாலும் நின்றது.

அதோடு இன்னொரு பங்காளியும் வந்தாயிற்று: குடிநீர். உன்னிச்சைக் குளத்து நீர் வவுணதீவில் சுத்தமாகி நகரத்துக்குப் போகிறது. குளத்துக்குப் பக்கத்து ஊர்ச்சனமோ தங்களுக்கும் குழாய் நீர் வேண்டும் என்று றோட்டில் நின்று கேட்க வேண்டியிருந்தது.

நகரத்தின் தாகத்தைத் தப்பென்று சொல்லவில்லை. தண்ணியைப் பங்கிடுவது துருசு இல்லை, கூட்டம் என்றுதான் சொல்கிறேன். அடுத்த போகக் கூட்டத்துக்கு ஒருக்காப் போய்ப் பின்னால நின்று பாருங்கள். எத்தனை பொம்பிளையள், எத்தனை கூலிக்காரர், காணிக் கடதாசி இல்லாத எத்தனை பேர் அந்தக் கதிரைகளில் இருக்கினம் என்று எண்ணுங்கள். கோடையில் எந்தப் பாதி வெறுமையாகக் கிடக்கும் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.