இப்னு சீனாவின் சூலையும் இக்கால இரட்டை மருந்தும்

ஹிஜ்ரி 428ஆம் ஆண்டு ரமலான் மாதத்தில், ஹமதான் நகரில், ஷைகுர் ரயீஸ் அபூ அலீ இப்னு சீனா மறைந்தார். கி.பி. 1037. மருத்துவ உலகுக்கு ‘அல்கானூன் ஃபித் திப்’ என்னும் பெருநூலை ஈந்த அப்பெருமகனாரின் உயிரைக் கொண்டுபோன நோய் எதுவெனில், வயிற்றுச் சூலை! அரபியில் அதனைக் ‘கூலஞ்ச்’ என்பர். அந்நோயைப் பற்றித் தனியே ஒரு ரிஸாலாவே எழுதிவைத்தவர் அவர்.

அவருடைய மாணவர் அபூ உபைத் அல்ஜூஸ்ஜானி எழுதிய வாழ்க்கைக் குறிப்பில் அந்த இறுதி நோயின் வரலாறு ஒளிவு மறைவின்றிக் காணப்படுகிறது. சிற்றரசர் அலாவுத் தௌலாவின் படையோடு புறப்பட வேண்டிய அவசரத்தில், சூலையை விரைவில் தீர்த்துவிட எண்ணி, இப்னு சீனா ஒரே நாளில் எட்டு முறை எனிமா எடுத்துக்கொண்டார். குடல் புண்ணாயிற்று. வாயுவைக் கலைப்பதற்காக இரண்டு தானக் எடை கரஃப்ஸ் விதையை அம்மருந்தில் சேர்க்கும்படி பணித்தார். உடனிருந்த மருத்துவர் ஒருவர் ஐந்து திர்ஹம் எடை சேர்த்துவிட்டார். ஆறு தானக் கொண்டது ஒரு திர்ஹம். ஆக, சொன்ன அளவுக்குப் பதினைந்து மடங்கு! வேண்டுமென்றே செய்தாரா, தவறிச் செய்தாரா என்பதைத் தாம் அறியவில்லை, அவ்வேளை தாம் அருகில் இல்லை என்று ஜூஸ்ஜானி எழுதுகிறார். வரலாறு எழுதுவோர்க்கு வேண்டிய நேர்மை இது.

துன்பம் அத்துடன் தீரவில்லை. சூலையைத் தொடர்ந்து வந்த வலிப்புக்காக ‘மித்ரிதாதூஸ்’ என்னும் கூட்டு மருந்தை அவர் உட்கொண்டு வந்தார். பணியாள் ஒருவன் அதில் அளவு மீறி அபினைக் கலந்து கொடுத்தான். அவருடைய பெட்டகத்திலிருந்து பெரும்பணத்தைக் கையாடியிருந்த பணியாளர்கள், அவர் பிழைத்தெழுந்தால் அகப்படுவோமே என்று அஞ்சியதே காரணமாம். ஒருவாறு தேறி நடமாடினார். ஆயினும் நோய் திரும்பியது. மருந்துகளின் இயல்பை அவரைவிட அறிந்தார் அன்று எவருமிலர். அளந்து கொடுத்த கைகள்தாம் வேறு.

வலிக்கும் வயிற்றைத் தளர்த்துவது ஒன்று, தவிக்கும் மனத்தை அமர்த்துவது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒருசேரச் செய்யும் மருந்தைத் தேடிய வரலாறு மிகப் பழையது. யூனானி ஹகீம்கள் கையாண்ட பூண்டுகளுள் ‘பன்ஜ்’ குறிப்பிடத்தக்கது. நம் நாட்டு மருந்துக் கடைகளில் இன்றும் குரோசாணி ஓமம் என்று வழங்குவது அதன் விதையே. குராஸான் நாட்டுப் பெயர் அதில் ஒட்டிக்கொண்டிருப்பதைக் காண்க. பெயரில் ஓமம் இருப்பதால் அடுப்படி ஓமத்துக்கு உறவென்று எண்ணிவிடலாகாது, இது நஞ்சு. பன்ஜில் கறுப்பு வகை மிகக் கொடியது, வெள்ளை வகை தீங்கு குறைந்தது என்று இப்னு சீனாவே எழுதினார்.

வடநாட்டார் கஞ்சா இலைக்கு வழங்கும் ‘பங்க்’ என்னும் பெயரோடு இந்தப் பன்ஜைக் குழப்பிக்கொண்டோர் முற்காலத்திலும் இருந்தனர். பன்ஜ் உண்டு மதி மயங்கியவன் சொன்ன தலாக் செல்லுமா என்ற வினா நமது ஃபிக்ஹு நூல்களில் வருவதை ஆலிம்கள் அறிவர். மருந்தாக உண்டவனையும் மயக்கத்துக்காகவே உண்டவனையும் சட்ட அறிஞர்கள் ஒரே தட்டில் நிறுத்தவில்லை. அங்காடியின் மீதும் கண் வைத்திருந்தனர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் அஷ்ஷைஸரீ என்பார் முஹ்தஸிப்களுக்காக எழுதிய கையேட்டில், அபினில் வேறு செடிச் சாற்றைக் கலந்து விற்கும் மருந்து வணிகர்களைக் கண்டுபிடிக்கும் முறைகள் கூறப்பட்டுள்ளன.

பன்ஜும் ஐரோப்பியரின் பெல்லடோனாவும் நமது ஊமத்தையும் ஒரே குடும்பத்துச் செடிகள். குடலைச் சுருங்கச் சொல்லி நரம்பு அனுப்பும் செய்தியைத் தசை ஏற்காதபடி இவற்றின் சத்து தடுத்துவிடுகிறது. இழுத்துப் பிடித்த குடல் தளர்கிறது, வலி அடங்குகிறது. ஆனால் குடலோடு நில்லாது, உமிழ்நீர்ச் சுரப்பி, கண்மணி, சிறுநீர்ப்பை, வியர்வைச் சுரப்பி ஆகியவற்றுக்குச் செல்லும் செய்தியையும் தடுக்கிறது. வாய் வறள்வதும் பார்வை மங்குவதும் மலம் இறுகுவதும் சிறுநீர் தடைப்படுவதும் இதனால்தான்.

1831இல் ஜெர்மானிய மருந்தாளர் மைன் என்பார் பெல்லடோனாவிலிருந்து அட்ரோபீனைப் பிரித்தெடுத்தார். 1903இல் எமில் ஃபிஷரும் ஃபான் மேரிங்கும் பார்பிட்டால் என்னும் உறக்க மருந்தை அறிமுகப்படுத்தினர். 1912இல் ஃபீனோபார்பிட்டால் வந்தது. பின்னர் அமெரிக்காவில் பெல்லடோனாச் சத்துகளோடு ஃபீனோபார்பிட்டாலைச் சேர்த்து ஒரே மாத்திரையாக்கினர். பார்பிட்டால் இனத்து மருந்துகளில் உறங்க வைக்கும் அளவுக்கும் உயிரைப் போக்கும் அளவுக்கும் இடைவெளி குறுகியது. ஆகவே 1960இல், லியோ ஸ்டெர்ன்பாக் கண்டுபிடித்த குளோர்டயசிபாக்சைடு விற்பனைக்கு வந்தபோது மருத்துவர்கள் பெரிதும் வரவேற்றனர். விரைவிலேயே அதனையும் கிளிடினியம் என்னும் குடல் தளர்த்தியையும் இணைத்தனர். முன்னது 5 மில்லிகிராம், பின்னது 2.5 மில்லிகிராம். இதே அளவில், சிலவற்றில் டைசைக்ளோமின் 10 மில்லிகிராமும் சேர்ந்து, பல பெயர்களில் இன்று நம் ஊர்களில் விற்கப்படுகிறது.

ஒரு மருந்து பயன் தரும் என்பதை மெய்ப்பித்தாக வேண்டும் என்று 1962இல் அமெரிக்கச் சட்டம் விதித்தது. பழைய மருந்துகளையெல்லாம் ஆய்ந்தபோது, பெல்லடோனா ஃபீனோபார்பிட்டால் கூட்டுக்குக் கிடைத்த தகுதி ‘பயன் இருக்கக்கூடும்’ என்பதே. கோடிக்கணக்கானோர் விழுங்கிய மருந்துக்கு இது அப்படியொன்றும் பெரிய நற்சான்று அன்று!

நம் குடும்பங்களில் இம்மருந்துக்கு ‘கேஸ் மாத்திரை’ என்று பெயர். அந்தப் பெயரே பாதி ஆபத்து. உம்மாவுக்கு எழுதிக் கொடுத்ததை மருமகள் விழுங்குவாள். இரண்டாண்டுக்கு முந்திய சீட்டைக் காட்டிப் பேரன் வாங்கி வருவான். அதிலே மனத்தை அமர்த்தும் மருந்தொன்று ஒளிந்திருப்பதை எவரும் எண்ணுவதில்லை. வாரக்கணக்கில் தொடர்ந்தால் உடல் அதற்குப் பழகிவிடும். பழகியபின் திடீரென நிறுத்தினால் நடுக்கம், உறக்கமின்மை, பதற்றம், சிலருக்கு வலிப்பே கூட வரும். ஆகவே நெடுநாள் உட்கொண்டவர் தாமாக நிறுத்தாமல், மருத்துவர் சொற்படி சிறிது சிறிதாகக் குறைத்தல் வேண்டும். இந்த இனத்து மருந்துகள் அனைத்துக்கும் பழக்க அபாயம் பற்றிய கடும் எச்சரிக்கையை 2020இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் கட்டாயமாக்கியது. அபின் வழி வந்த வலி மருந்தோ, கோடின் கலந்த இருமல் மருந்தோ உடன் சேர்ந்தால் மூச்சே அடங்கிவிடக்கூடும் என்னும் எச்சரிக்கை 2016இலேயே வந்தது. மதுவும் அவ்வாறே.

கண்ணில் நீரழுத்தம் உள்ளவர், புராஸ்டேட் வீங்கிச் சிறுநீர் தடைப்படுவோர், கருவுற்ற தாய்மார், பாலூட்டுவோர் ஆகியோர் தம் நிலையை மருத்துவரிடம் மறவாது கூற வேண்டும். முதியோருக்கு நினைவு தடுமாறலாம். இரவில் எழுந்து நடக்கையில் விழுந்து இடுப்பெலும்பு முறியவும் கூடும். மாத்திரை விழுங்கியபின் வண்டி ஓட்டலாகாது. காய்ச்சல், ஓயாத வாந்தி, மலத்தில் இரத்தம், வலப்பக்க அடிவயிற்றில் குத்தல் இவற்றோடு வரும் வலியை மாத்திரையால் அமுக்கி வைப்பது தகாது. குடல்வால் அழற்சி மாத்திரைக்காகக் காத்திராது.

குளோர்டயசிபாக்சைடு நம் நாட்டில் எச்1 அட்டவணையில் சேர்க்கப்பட்டுள்ளது. 2013இல் வெளியான அவ்விதி 2014 மார்ச் முதல் நடைமுறையில் உள்ளது. மருத்துவர் பெயர், நோயாளி பெயர், மருந்தின் அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு காப்பது கடைக்காரர் கடமை. சீட்டின்றி நீட்டுகிறவர் நமக்கு உபகாரம் செய்வதாக எண்ண வேண்டாம். பழைய முஹ்தஸிப் இருந்திருந்தால் கடையை அடைத்திருப்பார்.

நோன்பு மாதத்துக்கு ஒரு சொல் தனியே வேண்டும். நாளைக்கு மூன்று வேளை என்று எழுதப்பட்டதை நோன்பாளி சிலர் இஃப்தாரில் ஒன்றும் ஸஹரில் இரண்டுமாகச் சேர்த்து விழுங்கிவிடுகின்றனர். அளவு கூடினால் உறக்கமும் மயக்கமும் கூடும். இம்மருந்து வியர்வையைக் குறைப்பதால், கோடை நோன்பில் வெயிலில் உழைப்பவரின் உடல் சூடேறி ஆபத்தாகும். தண்ணீரின்றி வறண்ட வாய் மேலும் வறளும். எனவே ஷஃபான் மாதத்திலேயே மருத்துவரைக் கண்டு, வேளையை மாற்றலாமா, வேறு மருந்து தரலாமா, இம்மாதம் மருந்தே வேண்டுமா என்று கேட்டுக்கொள்க. மருந்தை விட இயலாதென்று அவர் சொன்னால், நோயாளிக்கு ஷரீஅத் அளித்த சலுகை பற்றி ஊர் ஆலிமிடம் கேட்கலாம்.