உல்லம் வந்த வழி

மழைக்காலம் தொடங்கிவிட்டால் நாம் வாழும் இவ்வங்க நாட்டின் அங்காடிகளில் 'இலிஷ்' என்னும் பெயரே எங்கும் ஒலிக்கக் கேட்கிறோம். புலால் உண்ணாதாரும் அப்பெயரை அறிவர். அம்மீனுக்குத் தமிழில் 'உல்லம்' என்று பெயருண்டு என்பதையும், நம் காவிரியிலும் கொள்ளிடத்திலும் அது ஏறி வந்தது என்பதையும் நம் குடியிருப்பில் எத்தனை பேர் அறிவோம்? மீன் ஆற்றைவிட்டு அகன்றால், சில தலைமுறைகளில் அதன் பெயரும் நாவைவிட்டு அகன்றுவிடுகிறது.

உல்லம் கடலில் வளர்ந்து ஆற்றில் முட்டையிடும் இயல்புடையது. புதுவெள்ளம் கழிமுகத்தை அடையும்போது, அது கூட்டங்கூட்டமாக நீரோட்டத்தை எதிர்த்து மேலேறும். நன்னீரில் பொரித்த குஞ்சுகள் சில திங்கள் ஆற்றில் வளர்ந்து, பின்னர்க் கடலை அடையும். இப்பயணத்துக்கு வேண்டுவன இரண்டு: அழைக்கும் வெள்ளமும் திறந்த வழியுமாம்.

கொள்ளிடத்தில் ஆர்தர் காட்டனின் முயற்சியால் 1836-இல் கீழணை எழுந்தது. தஞ்சைத் தரணியின் வயல்களை வாழ்வித்த அப்பணியைக் குறைகூறுவார் யார்? எனினும் மீனுக்கு அது சுவராயிற்று. இத்தகைய அணைகளால் மீன்வளத்துக்கு நேரும் கேட்டினைப் பிரான்சிஸ் டே என்பார் 1873-இல் வெளியான தம் அறிக்கையிலேயே எடுத்துரைத்தார். 1909-இல் சென்னை மாகாண அரசினர் கொள்ளிடத்தில் உல்லத்தின் முட்டைகளைச் செயற்கையாகப் பொரிக்கவும் முயன்றனர். 1934-இல் மேட்டூர் அணை வெள்ளத்தையும் தேக்கிக்கொண்டது. வழி தடைப்பட்டதோடு அழைப்பும் குன்றவே, காவிரியின் உல்லம் பழங்கதையாயிற்று.

அதே வரலாறு கங்கையிலும் நிகழ்ந்தது. முன்னாளில் இம்மீன் அலகாபாத்தைக் கடந்து, கங்கையில் கான்பூர்வரையிலும், யமுனை வழியே ஆக்ராவரையிலும், சிற்சில காலங்களில் தில்லிவரையிலும் சென்றதுண்டு. கல்கத்தாத் துறைமுகத்தை மூடிவந்த வண்டலை அகற்ற ஊக்ளிக்கு நீர் திருப்பும் நோக்குடன் கட்டப்பெற்ற பரக்கா தடுப்பணை 1975-இல் இயங்கத் தொடங்கியது. அதன்பின் பக்சரிலும் அலகாபாத்திலும் வலைவீசியோர்க்கு உல்லம் அரும்பொருளாயிற்று. மேனாட்டுச் சால்மனைப் போல் உயரத் துள்ளித் தடை தாண்டும் ஆற்றல் அதற்கு இல்லை.

இக்குறையைத் தீர்க்கும் முயற்சிகள் நம் காலத்தில் தொடங்கியிருப்பது மகிழ்ச்சிக்குரியது. பாரக்பூரிலுள்ள மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார், கங்கைத் தூய்மைத் திட்டத்தின் துணையுடன், பரக்காவுக்குக் கீழே உயிருடன் பிடித்த உல்லங்களை மேற்புறத்தில் விட்டு வருகின்றனர். அவற்றுட் சிலவற்றிற்கு அடையாளச் சீட்டும் பொருத்துகின்றனர். கப்பல்கள் கடக்கும் புதிய நீர்ப்பூட்டின் கதவுகளை, மீன் மிகுதியாக நடமாடும் பின்னிரவு வேளையில் திறந்து வழிவிடும் திட்டத்தை மத்திய அரசு 2019-இல் அறிவித்தது.

வழி திறந்தால் மீன் வருமா என்று ஐயுறுவார்க்கு அமெரிக்க நாட்டின் மெயின் மாநிலம் விடை தருகிறது. அங்குக் கென்னபெக் ஆற்றில் 1837-இல் எழுந்த எட்வர்ட்ஸ் அணையை 1999-இல் அகற்றினர். உல்லத்தின் உறவினமான ஏல்வைப் மீன்கள் அவ்வாற்றுக்கும் அதன் கிளையாற்றுக்கும் பின்னாளில் இலட்சக்கணக்கில் திரும்பின.

உழவுக்கும் துறைமுகத்துக்கும் உதவும் அணைகளையெல்லாம் இடித்தல் இயலாது. அதனை நாம் வேண்டவுமில்லை. உரிய பருவத்தில் சிறிது வெள்ளத்தையும், உரிய வேளையில் ஒரு கதவையும் மீனுக்கு ஒதுக்குதல் இயலும். மனிதர் தூக்கிச்சென்று விட்ட மீன்களின் எண்ணிக்கையைவிட, தாமே நீந்தி அலகாபாத்தை அடையும் மீன்களே இப்பணியின் வெற்றியைக் காட்டும் அளவுகோல். அந்நாள் வரும்வரை, இலிஷை அறிந்த நம் இளஞ்சிறார்க்கு உல்லம் என்னும் சொல்லையும், அது காவிரியில் ஏறிய வரலாற்றையும் வீடுதோறும் சொல்லி வைப்போமாக.