ஏற்காட்டுப் பாறைக்கு யார் பேரு?

போன வாரம் ஊருக்குப் போனப்ப, அப்பாவோட பைக்கில் ஏற்காடு. இருபது கொண்டை ஊசி வளைவுல ஏதோ ஒண்ணுல வண்டியை ஓரம் கட்டினோம். வெட்டி விட்ட பாறையைக் காட்டி, "இது கிரானைட்தானேப்பா?"ன்னு கேட்டேன். "கருங்கல்லுடா, வேறென்ன"ன்னார். தாத்தா கல்லுடைச்சவர், அதனால அப்பாவுக்கு அதுக்கு மேல பேரு தேவைப்படலை.

வீட்டுக்கு வந்து தேடினா பெரிய கதை மக்களே!

அதன் பேர் சார்னோகைட். கிரானைட்டின் உறவுக்காரன்தான், அதே குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார். கூடவே ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமம். புதுசா உடைச்ச முகம் எண்ணெய் தடவின மாதிரி கறுப்பா மினுங்கும்.

பேர் வந்தது ஒரு கல்லறையிலிருந்து. 1690-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக கல்கத்தாவில் வந்து இறங்கிய ஜாப் சார்னோக்கின் சமாதிக்கு, நம்ம சென்னைப் பக்கத்துக் கல்லைக் கொண்டுபோய் வச்சிருக்காங்க. புவியியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஹாலண்ட் 1893-ல் அந்தக் கல்லை ஆராய்ந்து, சார்னோக் பேரையே வச்சுட்டார். பரங்கிமலை, பல்லாவரம், நம்ம சேர்வராயன் மலை எல்லாத்துக்கும் அதே பேர்தான்.

எப்படி உருவாச்சு? உருகிய குழம்பு இறுகியதுன்னார் ஹாலண்ட். ஆனா 1960-ல் பிச்சமுத்து என்ற நம்ம ஊர் ஆய்வாளர், கர்நாடகாவின் கப்பல்துர்காவில் சாதாரண நைஸ் பாறை திட்டுத்திட்டாக சார்னோகைட்டாக மாறிக்கிட்டிருந்த தடயத்தைக் காட்டினார். அதாவது உருகாமலே, ஆழத்தில், கடும் வெப்பத்தில், தண்ணீர் வற்றிய நிலையில் மாறலாம். ரெண்டு வழியும் உண்டுன்னுதான் இப்போ சொல்றாங்க.

சேர்வராயன் பாறைக்கு வயசு சுமார் 250 கோடி வருஷம். பக்கத்துல இருக்கும் சங்ககிரி, திருச்செங்கோடு கிரானைட் ஐம்பது கோடி சொச்சம்தான். நிஜமாவே உருகி இறுகியது. பார்த்தா ரெண்டும் "கருங்கல்"!

2003-ல் கல்கத்தா உயர் நீதிமன்றம், நகரத்தை நிறுவியவர் சார்னோக் இல்லைன்னு சொல்லிடுச்சு. நகரம் தப்பிச்சுது. பாறை மாட்டிக்கிச்சு :)

அப்பாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு, "சரி, அந்தச் சமாதிக் கல்லை வெட்டினவன் பேரு என்ன?"ன்னார்.

எந்தப் பக்கத்திலும் இல்லை. உங்களுக்குத் தெரிஞ்சா பின்னூட்டத்துல சொல்லுங்க.